ஒரு பொருள், பல பெயர்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்களித்த தலைப்பு 'ஆங்கிலச் சொல்வளமும் போட்டித் தேர்வுகளும்' என்பது. அது பெருங்கடல். அரைமணி நேரத்தில் அதனை நீந்திக் கடத்தல் இயலாது. ஆதலின் அக்கடலின் ஒரு துறையில் மட்டும் இறங்க விழைகின்றேன். ஒரே பொருளைக் குறிப்பனவாகத் தோன்றும் பல ஆங்கிலப் பெயர்ச்சொற்களை எங்ஙனம் கற்பது, எங்ஙனம் பிரித்தறிவது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். ஆங்கில இலக்கணத்தார் இத்தகைய சொற்களை 'சினானிம்' என்பர். வினைச்சொல்லையும் உரிச்சொல்லையும் விடுத்துப் பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது ஏன் என்று நீங்கள் வினவலாம். விண்ணப்பப் படிவம், அரசாணை, சட்டம், நீதிமன்ற அறிவிப்பு, கூலிச் சீட்டு ஆகிய யாவும் பெயர்ச்சொற்களால் நிரம்பியவை. தேர்வுக்குப் படிக்கும் சொல் வாழ்க்கைக்கும் உதவுமாயின் அதுவே முதலில் கற்கத்தக்கது.

தேர்வின் கணக்கை முதலிற் சொல்லிவிடுகின்றேன். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் முதல் மூன்று வினாக்களும் பொருள் ஒத்த சொல்லைக் கேட்பவை. எஸ்.எஸ்.சி. எனப்படும் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்வின் முதற் கட்டத்தில் ஆங்கிலத்திற்கு 25 வினாக்கள், 50 மதிப்பெண்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கான முதனிலைத் தேர்வில் 30 ஆங்கில வினாக்களுக்கு 20 நிமிடமே உண்டு. அப்பகுதியில் தனியே குறைந்தபட்ச மதிப்பெண்ணும் பெற்றாக வேண்டும். கணிதத்தில் எத்துணை உயரப் பறந்தாலும் ஆங்கிலத்தில் கால் இடறினால் வெளியே நிற்க வேண்டியதுதான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் 2021-ஆம் ஆண்டு ஆணையால் தமிழ்த் தாள் கட்டாயமாயிற்று. தமிழ்வழியிற் பயின்ற நம் பிள்ளைகட்கு அது நன்மையே. ஆயினும் அதனைக் காட்டி, 'இனி ஆங்கிலம் எதற்கு?' என்று முடிவு கட்டிவிட்ட தம்பிகள் சிலரை நான் அறிவேன். மத்திய அரசு அலுவலகங்களின் வாயிலும் வங்கிகளின் வாயிலும் அவர்கள் கண்ணிற் படவில்லை போலும். இடஒதுக்கீடு என்பது முன்னோர் போராடிப் பெற்ற உரிமை. அதனைக் கையிற் பெற, தாளில் குறைந்தபட்ச எல்லையைக் கடக்கும் உழைப்பு நம்முடையது.

இனி, பொருள் ஒத்த சொற்களைத் தொகுத்துப் படிப்பதென்பது நமக்குப் புதிய கலையன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்னும் நிகண்டுகள் செய்த வேலை இதுவே. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பெயர்களையெல்லாம் செய்யுளாக்கி வைத்தனர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்தனர். இங்கிலாந்தில் பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1805-இல் தம் சொந்தப் பயனுக்காகச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கி, முதுமையில், 1852-இல், ஆயிரம் தலைப்புகளின் கீழ் அடுக்கி வெளியிட்ட 'தெசாரஸ்' என்னும் நூலும் கருத்துவாரியாக அமைந்ததே. தெசாரஸ் என்றால் கருவூலம் என்று பொருள். அகரவரிசையை விடுத்துக் கருத்து வரிசையில் சொற்களை அடுக்கும் முறையை நம் நிகண்டாசிரியர்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கையாண்டனர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் அத்திண்ணையின் மேல் ஏற நம் பாட்டன்மார்க்கு உரிமை இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிகண்டு ஓதும் ஓசை தெருவில் கேட்டிருக்கும். அத்தெருவில் நடக்கவும் தடை. கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றில் பஞ்சமர் பள்ளி தொடங்கியதும், சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் கண்டதும் அதனாலேயே பெருநிகழ்ச்சிகளாயின. பிறர் பரம்பரையாகப் பெற்ற சொற்செல்வத்தை நாம் மூன்று அல்லது நான்கு தலைமுறைகளாகத்தான் சேர்த்து வருகின்றோம். ஆகவே முறையறிந்து விரைந்து சேர்க்க வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு இத்துணைப் பெயர்கள் ஏன் வந்தன? இதற்கு விடை வரலாற்றில் இருக்கின்றது. அறிந்துகொண்டால் பாதி மனப்பாடம் தானே நிகழும். 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு பேசினர். வயலிலும் தொழுவத்திலும் உழைத்தவர் பழைய ஆங்கிலம் பேசினர். கோயிலும் கல்விக்கூடமும் இலத்தீனைக் கையாண்டன. இம்மூன்றும் கலந்தே இன்றைய ஆங்கிலம் ஆயிற்று. மாட்டை மேய்த்தவன் அதனைக் 'கவ்' என்றான். அதன் இறைச்சியை உண்ட துரை 'பீஃப்' என்றான். ஆட்டை மேய்த்தவனுக்கு அது 'ஷீப்', உண்டவனுக்கு 'மட்டன்'. பன்றி வளர்த்தவன் சொல் 'ஸ்வைன்'. பந்தியில் அமர்ந்தவன் சொல் 'போர்க்'. வளர்த்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன் என்னும் செய்தியை ஆங்கில அகராதி இன்றளவும் மறைக்காமல் வைத்திருக்கின்றது. சேரியும் ஊரும் அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இதனால் ஒரு நடைமுறை உதவி உண்டு. குறுகிய, வீட்டுப் புழக்கச் சொற்கள் பெரும்பாலும் பழைய ஆங்கிலம். நீண்ட, அலுவலகத் தோரணையுள்ள சொற்கள் பெரும்பாலும் இலத்தீன் வழி வந்தவை. 'ஃபயர்' என்பது அடுப்பிலும் எரியும். 'கான்ஃப்ளக்ரேஷன்' என்றால் ஊரே எரியும் பெருந்தீ. 'ஹெல்ப்' என்று தாயிடம் கேட்கலாம். 'அசிஸ்டன்ஸ்' என்று ஆட்சியருக்கு எழுதுவோம். தேர்வில் கேட்கப்படும் அருஞ்சொல் பெரும்பாலும் இலத்தீன் வழியது. விடையாக அமைவது எளிய சொல்லாக இருத்தல் கூடும்.

எவ்வாறு படிப்பது என்பதற்கு வருகின்றேன். கடைகளில் விற்கும் ஆயிரம் சொல் புத்தகங்களை அகரவரிசையில் முதற்பக்கத்திலிருந்து உருப்போடுவது வீண். அவ்வாறு தொடங்கிய எவரும் 'பி' எழுத்தைத் தாண்டியதை நான் கண்டதில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கத்திற்கு ஒரு கருத்து. பக்கத்தின் தலையில் நீங்கள் நன்கறிந்த ஒரு பெயர்ச்சொல்லைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அதன் கீழ் அதன் உறவுச் சொற்கள் ஐந்தோ ஆறோ எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது மற்றதினின்று எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைத் தமிழில் ஒரு வரியும், ஆங்கிலத்தில் ஒரு சிறு வாக்கியமும் எழுதுங்கள். நாளுக்கு ஒரு பக்கம், ஆறு சொல் என்றால் முந்நூறு நாளில் 1,800 சொற்கள். விடுமுறை, திருவிழா, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அறுபத்தைந்து நாள்களைத் தள்ளிவிட்டே இக்கணக்கைப் போட்டிருக்கின்றேன்.

எடுத்துக்காட்டாக, 'கூலி' என்று ஒரு பக்கத்திற்குத் தலைப்பிடுவோம். 'வேஜ்' என்பது நாளுக்கோ வாரத்திற்கோ செய்த வேலைக்கோ அளந்து தரும் கூலி. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தன் பெயரிலேயே இச்சொல்லைத் தாங்கி வந்தது. 'சாலரி' மாதந்தோறும் தரும் சம்பளம். இலத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. 'ஸ்டைபண்ட்' பயிற்சி பெறுவோர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் தரும் உதவித்தொகை. பண்டை உரோமில் போர்வீரனின் ஊதியத்தைக் குறித்தது. 'ஃபீ' வழக்கறிஞர்க்கும் மருத்துவர்க்கும் உரியது. 'ஆனரேரியம்' மதிப்பூதியம். இன்று பேச அழைத்த எனக்கு நீங்கள் சால்வை போர்த்தினீர்களே, அதற்குப் பதில் ஓர் உறை கொடுத்திருந்தால் அது ஆனரேரியம். 'ரெமூனரேஷன்' இவை எல்லாவற்றையும் அடக்கிய பொதுச்சொல். அரசாணைகளில் மிகுதியாக வரும். 'எமாலுமென்ட்' என்பது பதவியால் வரும் மொத்த வருவாய். மாவு அரைத்துக் கொடுத்தவனுக்குத் தந்த கூலியே அச்சொல்லின் வேர் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். பாருங்கள், திரிகைக்காரன் கூலி அதிகாரியின் ஊதியமாகிவிட்டது!

இப்பக்கத்தை ஒருமுறை எழுதிய பிள்ளை அதனை எளிதில் மறப்பதில்லை. ஏனெனில் ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஓர் ஆள் நிற்கின்றான். நம் வீட்டில் யாருக்கு வேஜ், யாருக்குச் சாலரி என்று எண்ணிப் பார்த்தாலே வேறுபாடு பதிந்துவிடும். நாற்று நட்ட அன்னைக்கு வேஜ். அவள் மகளுக்குச் சாலரி வர வேண்டும் என்பதற்காகத்தானே இச்சங்கம் மாலை வகுப்பு நடத்துகின்றது.

மற்றொரு பக்கத்திற்குப் 'பசி' என்று தலைப்பிடலாம். 'ஹங்கர்', 'ஸ்டார்வேஷன்', 'ஃபேமின்' என்னும் மூன்றையும் ஒரே பொருளனவாக எழுதும் மாணவர் பலர். தமிழில் நாம் பசி, பட்டினி, பஞ்சம் என்று அடுக்கிச் சொல்கின்றோம் அல்லவா? அதே அடுக்குத்தான். முதலாவது ஒருவன் வயிற்றில். இரண்டாவது அவன் உயிரின் விளிம்பில். மூன்றாவது நாடு முழுவதிலும். அச்சத்திலும் இத்தகைய படிக்கட்டு உண்டு. 'அப்ரிஹென்ஷன்' வரப்போவதை எண்ணிக் கலங்குதல். 'ஃபியர்' பொதுவான அச்சம். 'ட்ரெட்' நெடுநாள் உள்ளத்தை அழுத்தும் அச்சம். 'டெரர்' நடுங்க வைக்கும் பேரச்சம். 'பேனிக்' கூட்டத்தை அறிவிழந்து ஓடச் செய்வது. தேர்வில் நான்கு விடைகளுள் இரண்டு பொருந்துவன போலத் தோன்றினால், வினாச்சொல் எந்தப் படியில் நிற்கின்றதோ அதே படியில் நிற்கும் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உண்மையில் இரு சொற்கள் முற்றும் ஒரே பொருள் தருவது அரிது. தமிழிலும் அப்படியே. யானைக்குப் பல பெயர் என்று நிகண்டு அடுக்கினாலும் களிறு ஆண், பிடி பெண். மரத்தின் இலை இலையே, கரும்பினது தோகை, பனையினது ஓலை. தோகையால் குடிசை வேய்ந்தவனுக்கு இவ்வேறுபாட்டைப் பள்ளிக்கூடம் கற்பிக்க வேண்டியதில்லை.

இதற்கு மிகச் சிறந்த சான்று நம் அரசியலமைப்பின் முகப்புரையிலேயே உள்ளது. அதில் எண்ணம், வெளியீடு என்பவற்றை அடுத்து 'பிலீஃப்', 'ஃபெய்த்' என்னும் இரு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டையும் 'நம்பிக்கை' என்றே நம் சிறு அகராதிகள் எழுதுகின்றன. ஒன்று போதுமாயின் இரண்டை ஏன் வைத்தனர்? பிலீஃப் என்பது ஒன்றை உண்மையென்று ஏற்கும் கருத்து. ஃபெய்த் என்பது சமயப் பற்றாக, உள்ளத்தின் சார்பாக அமைவது. கடவுள் இல்லை என்பதும் ஒருவனது பிலீஃப். அவனுக்கும் முகப்புரையில் இடம் உண்டு. அதே அரசியலமைப்பில் 19-ஆம் பிரிவு பேச்சுரிமையை 'ஃப்ரீடம்' என்கின்றது. 21-ஆம் பிரிவு தனிமனித உரிமையை 'லிபர்ட்டி' என்கின்றது. முன்னது பழைய ஆங்கிலம். பின்னது இலத்தீன் வழியது. பொருள் மிக நெருங்கியதே. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கென்று தோழமைச் சொற்களை வைத்திருக்கின்றது. விடுதலைப் போராட்ட வீரர் 'ஃப்ரீடம் ஃபைட்டர்'. அவரை 'லிபர்ட்டி ஃபைட்டர்' என்று எவரும் எழுதுவதில்லை. உள்துறைச் செயலாளர் 'ஹோம் செக்ரட்டரி'. 'ஹவுஸ் செக்ரட்டரி' அல்லர். எனவே சொல்லைத் தனியே படிக்காமல் அதன் பக்கத்துச் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். முகப்புரையை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்யுமாறு என் மாணவர்க்குச் சொல்வதுண்டு. ஒரே வாக்கியம், அதனுள் தேர்வுக்குரிய பெயர்ச்சொற்கள் நிறைந்திருக்கின்றன. 'ஃப்ரட்டர்னிட்டி', 'டிக்னிட்டி' என்பவற்றை அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

தேர்வு நுட்பங்கள் சில. வினாச்சொல் பெயர்ச்சொல்லானால் விடையும் பெயர்ச்சொல்லே. 'நெஸ்', 'இட்டி', 'ஷன்', 'மெண்ட்', 'ஹுட்', 'ஷிப்', 'டம்', 'அன்ஸ்' என்னும் ஈறுகள் பெரும்பாலும் பெயரைக் காட்டிக்கொடுக்கும். வாக்கியத்தில் அடிக்கோடிட்ட சொல்லைக் கேட்டால், விடைச்சொல்லை அவ்விடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். சில வேளை பொருள் ஒத்தும் இடம் ஒவ்வாது. அரை மதிப்பெண் கழியும் தேர்வில் நான்கில் இரண்டையேனும் நீக்க முடியாவிட்டால் கையை வைக்காதீர்கள்.

ஓசை ஒத்த சொற்கள் பெரும் பொறி. 'ஹ்யூமிலிட்டி', 'ஹ்யூமிலியேஷன்' என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேர் ஒன்றே, ஆனால் முன்னது பணிவு, பின்னது அவமானம். முன்னதை நாமே மேற்கொள்கின்றோம். பின்னதைப் பிறர் நம்மேல் சுமத்துகின்றனர். நம் சமூகத்திற்குப் பல தலைமுறையாக இரண்டாவதைச் செய்துவிட்டு அதற்கு முதலாவதின் பெயரைச் சூட்டி வந்தனர் சிலர். துண்டை இடுப்பிற் கட்டி நின்றவனைப் 'பணிவானவன்' என்று பாராட்டினார்கள் அல்லவா? 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கூர்மையாகவே காட்டுகின்றது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரை வேண்டுமென்றே இழித்துரைத்தலும் அச்சுறுத்தலும் குற்றம் என்கின்றது. 'இன்சல்ட்' என்பது இழிமொழி. 'இன்டிமிடேஷன்' என்பது அச்சுறுத்தல். 'ஹ்யூமிலியேஷன்' என்பது அவற்றின் பின்னுள்ள நோக்கம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எழுதிய புகார் மனு வலுவிழந்து நிற்பதுண்டு. தேர்வுத் தாளில் அரை மதிப்பெண் கழியும். அங்கே கழிவது அதனினும் பெரிது.

இப்போது நான் சற்றுத் தயக்கத்தோடு, ஆனால் அவசியம் கருதிச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பிற்கு மாதிரி வினாத்தாள் ஒன்று கொடுத்திருந்தேன். அதில் 'பரையா' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்த பொருளுடைய சொல் யாது என்று ஒரு வினா. விடை 'அவுட்காஸ்ட்', அதாவது விலக்கப்பட்டவன், ஒதுக்கி எறியப்பட்டவன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இது நம் பேர்தானே?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று.

ஆம், நம் பெயர்தான். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய தமிழ்ச் சொல் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் சென்றது. கிழக்கிந்தியாவிற்கு வந்த வெள்ளையர் இங்கே கண்டதை எழுதிச் சென்றனர். ஒரு சாதியின் பெயராகச் சென்றது, நாளடைவில் உலகில் எவரால் ஒதுக்கப்பட்ட எவனையும் குறிக்கும் பொதுச்சொல் ஆயிற்று. தெருநாய்க்கும் பருந்து வகை ஒன்றிற்கும்கூட அதனை அடைமொழியாக்கினர். இன்றும் ஆங்கில நாளேடுகள், பிற நாடுகள் விலக்கிவைத்த நாட்டை அப்பெயராற் சுட்டுகின்றன. எழுதுபவர்க்குப் பெரும்பாலும் அதன் பிறப்புத் தெரியாது.

அம்மாணவிக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கின்றேன். தேர்வில் வந்தால் தயங்காமல் 'அவுட்காஸ்ட்' என்று குறியிடு, மதிப்பெண்ணை விடாதே. உன் கட்டுரையில் ஒருபோதும் அச்சொல்லைப் பயன்படுத்தாதே. அவ்விடத்தில் வைக்க 'அவுட்காஸ்ட்', 'எக்ஸைல்', 'காஸ்ட்அவே' என்று வேறு சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன, ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட பொருளோடு. மூன்றாவதாக, அச்சொல்லின் கதையைத் தெரிந்துகொள். அகராதி சொல்வது அச்சொல்லின் பொருளை. உன் பொருளை அன்று.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். தங்களுக்குரிய பெயர்ச்சொல் எது என்பதற்காகவே அவர்கள் நெடும்போர் நடத்தினர். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் இதழ் தொடங்கியபோது 'பறையன்' என்றே அதற்குப் பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்பட்டதை நிமிர்ந்து நின்று முகப்பில் அச்சிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை ஏற்கவில்லை. சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்னும் பெயர்களை முன்வைத்தார். இருவரும் அறிஞர், இருவர் நோக்கமும் ஒன்றே, தேர்ந்த சொல் வேறு. தாமே பள்ளியாசிரியராக இருந்த எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் முயன்றதன் பயனாக 1922-இல் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் சொல் இடம்பெற்றது. ஆங்கிலேய அரசு 'டிப்ரெஸ்டு கிளாஸஸ்' என்றது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் அது 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' ஆயிற்று. காந்தியடிகள் 'ஹரிஜன்' என்றார். அச்சொல்லைச் சட்டத்தில் புகுத்த முயன்றபோது 1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். 1972-இல் மராட்டிய இளைஞர்கள் 'தலித் பேந்தர்ஸ்' என்னும் அமைப்பைத் தொடங்கியபோது, நொறுக்கப்பட்டவர் என்னும் பொருளுடைய தலித் என்னும் சொல் எழுச்சியின் சொல்லாயிற்று.

ஒரே மக்களைக் குறிக்கும் இப்பெயர்களை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நிகண்டு முறைப்படி இவை ஒருபொருட் பன்மொழி. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி வைக்க முடியுமா? ஒன்றில் இரக்கம் இருக்கின்றது, ஒன்றில் சட்டம், ஒன்றில் வரலாற்று உரிமை, ஒன்றில் சினம். யார் சூட்டியது, எவர் ஏற்றது, எவர் மறுத்தது என்பதெல்லாம் சொல்லின் பொருளில் சேர்ந்துவிடுகின்றது. பொருள் ஒத்த சொல் என்றால் என்ன, ஒவ்வாத இடம் எது என்பதை விளக்க இதனினும் தெளிவான பாடம் எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரைப் பற்றி இங்கே ஒரு செய்தி. கொலம்பியாவிலும் இலண்டனிலும் முனைவர் பட்டங்கள் பெற்றவர், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் என்பவை நாம் அறிந்தவை. அவர் பாலி மொழிக்கு அகராதி ஒன்றும் தொகுத்து வைத்தார் என்பது பலர்க்குத் தெரியாது. மராட்டிய அரசு வெளியிட்ட அவருடைய நூல் தொகுதிகளில் 16-ஆவது தொகுதி அதுவே. பௌத்த நூல்களைப் பிறர் மொழிபெயர்ப்பில் மட்டும் நம்பியிராமல், சொல் சொல்லாக எழுதி, பொருள் எழுதி, அவர் கற்றார். அத்துணைப் பெரிய அறிஞர் குறிப்பேட்டில் சொற்பட்டியல் எழுதினாரெனில், நோட்டில் எழுதிப் படிப்பதை நம் கல்லூரி மாணவர் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ண வேண்டியதில்லை.

மறதி குறித்துச் சிலர் முறையிடுகின்றனர். மறப்பது இயல்பே. ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி 1885-இல் வெளியிட்ட நூலில், கற்றது முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே மிகுதியாக மறந்து போகின்றது, பின்னர் மறதியின் வேகம் குறைகின்றது என்று காட்டினார். ஆகவே காலையில் எழுதிய பக்கத்தை அன்றிரவே ஒருமுறை பாருங்கள். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். பார்க்கும்போது வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்ல வேண்டும். வெறுமனே கண்ணால் ஓட்டுவது படித்ததாகாது. கைப்பேசியிற் செயலிகள் உள்ளனவே என்பீர்கள். உள்ளன, நல்லவையும் உள்ளன. ஆயினும் சொல்லைத் தேட எடுத்த கைப்பேசி அரைமணி நேரம் கழித்து எங்கே போய் நிற்கின்றது என்பதை உங்கள் அன்னையரைக் கேட்டால் சொல்வார்கள்.

அகராதி ஒன்று தேவை. ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் நல்லது. தொடக்கத்தில் தமிழும் உடனிருக்கட்டும். அ. சிதம்பரநாதனாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் துணைபுரியும். ஒரு சொல்லின் பல பொருள்களை எண்ணிட்டுத் தருவதால் பயன் மிகுதி. அதனை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. நம் நூலகத்தில் ஒரு படி இருந்தால் போதும். அதற்கு நன்கொடையளிப்போர் இம்மன்றத்தில் இருக்கின்றனர் என்று நம்புகின்றேன். பூட்டி வைக்கக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை.

இனி நான் செயலாளர் அவர்களோடு பேசி முடிவு செய்ததை அறிவிக்கின்றேன். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் சொல் வகுப்பு நடைபெறும். கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்பு முதல் பட்டதாரிகள் வரை எவரும் வரலாம். கூலி வேலை முடித்து வருவோர்க்காக ஏழு மணிக்கு மீண்டும் ஒருமுறை நடத்தப்பெறும். முதல் வார வகுப்பிற்கு 'வீடு' என்னும் பக்கத்தை எடுத்துக்கொள்கின்றோம். 'ஹவுஸ்', 'ஹோம்', 'ட்வெல்லிங்', 'ரெசிடென்ஸ்', 'டொமிசைல்', 'ஹட்' என்னும் ஆறு சொற்களையும் வேறுபாட்டோடு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் இருப்பிடச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றின் படிகளையும் கொண்டுவந்தால், இச்சொற்களுள் எவை அவற்றில் உள்ளன என்று சேர்ந்தே தேடுவோம். பெயர் கொடுக்க விரும்புவோர் வாயிலருகே மேசையில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்க. கோடு போட்ட நோட்டுகள் நூறு அங்கே அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.